நேரக் கணக்கு எழுதுவதில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே 17 சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். என் நேரம் எதில் போகிறது என்று எழுத ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. இடையில் நான்கு முறை அது நின்றுபோயிருக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணத்தால். எல்லாவற்றுக்கும் சோம்பல் என்று ஒரே பெயர் வைத்திருந்தால் அந்தக் காரணங்கள் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஐந்தொகை இடித்தால், அதாவது இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால், கணக்கு எழுதியவரைத் திட்டிக்கொண்டிருப்பதில்லை, எந்தப் பதிவில் பிழை என்று தேடுகிறோம். நேரக் கணக்கு நின்றுபோனாலும் அதே வேலைதான்.

என் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன நோட்டு. புது வேலையைத் தொட்டவுடன் மணியும் இரண்டு மூன்று சொல்லும்: "10.20 மளிகைக்கடை பில்". அவ்வளவுதான். இது சிட்டை. வாரம் ஒருமுறை இதைத் தலைப்புவாரியாகக் கூட்டி எழுதுவது பேரேடு. டோகில், கிளாக்கிஃபை மாதிரியான செயலியில் எழுதுபவர்களுக்கும் கீழே உள்ளவை பெரும்பாலும் பொருந்தும். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

மூன்றாம் நாளே நின்றுவிடுகிறது

முதலில் தலைப்புகளை எண்ணிப் பாருங்கள். முதல் தடவை நான் 23 தலைப்பு வைத்திருந்தேன். மின்னஞ்சல் தனி, வாட்ஸ்அப் தனி, பில் சரிபார்ப்பு தனி. ஒவ்வொரு வரி எழுதும்போதும் இது எதில் சேரும் என்று யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனைதான் கையைக் கட்டிப்போட்டது. சிட்டையில் தலைப்பே வேண்டாம், நடந்ததை எழுதினால் போதும். தலைப்பு பேரேட்டுக்கு மட்டும், அதுவும் ஆறுக்கு மேல் வேண்டாம். என்னுடையவை: கணக்கு வேலை, வாடிக்கையாளரோடு பேச்சு, வீட்டு வேலை, உடம்பு, குடும்பம், அனாமத்து. தூக்கம், சாப்பாடு, நடை எல்லாம் உடம்பில் சேரும். அனாமத்து என்ன என்பது பின்னால் வரும்.

தலைப்பு குறைவாகத்தான் இருக்கிறது என்றால் நோட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இழுப்பறைக்குள் இருந்தால் எழுத மாட்டீர்கள். அடுப்படியில் ஒரு துண்டுத்தாள், மேஜையில் நோட்டு என்று வைத்து, இரவில் தாளில் உள்ளதை நோட்டில் ஏற்றிய பிறகுதான் எனக்கு ஒழுங்காக நடந்தது.

இரண்டும் சரியாக இருந்தும் நின்றுபோகிறதா? அப்படியானால் கேள்வி இல்லாமல் தொடங்கியிருக்கிறீர்கள். "என் நேரம் எங்கே போகிறது" என்பது விடை சொல்ல முடியாத அளவுக்குப் பெரியது. "மாதாமாதம் 20ஆம் தேதிக்கு முன்னால் இரண்டு இரவு ஏன் தூக்கம் போகிறது" என்று கேட்டால் நோட்டு பதில் சொல்லும். மாணவர் என்றால் "மாலை படிக்க உட்கார்ந்தும் பாடம் ஏன் ஓடவில்லை" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கேள்வி உங்களுக்கு வலிக்கிற கேள்வியாக இருந்தால் பதில் கிடைக்கும்வரை எழுதுவீர்கள்.

ஒவ்வொரு நிமிடத்தையும் எழுதப் போய் வேலையே ஓடவில்லை

அமெரிக்க வழக்கறிஞர்கள் 6 நிமிடத்தை ஓர் அலகாக வைத்து எழுதுகிறார்கள். அந்த நேரத்துக்குக் கட்டணம் வாங்குவதால் அவர்களுக்கு அது தேவை. நமக்கு 10 நிமிடத்துக்குக் குறைந்ததை விட்டுவிடலாம். தண்ணீர் குடித்தது, கதவைத் திறந்தது எதுவும் வேண்டாம்.

எல்லா வரியும் 9.00, 11.00, 1.00 என்று அழகாக இருக்கிறது

நோட்டைப் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் இது இரவில் நினைவிலிருந்து எழுதியது. உண்மையான நாளில் வேலை 9.13க்குத் தொடங்கும், 10.47க்கு முடியும். முழு மணியாகவே வரிசையாக வந்தால் நடந்ததை எழுதவில்லை, நடந்திருக்க வேண்டியதை எழுதியிருக்கிறோம்.

அந்த நாளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கணக்கில் வவுச்சர் தேடுவது போல நேரத்துக்கும் வவுச்சர் தேடலாம். போனில் அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய செய்தியின் மணி, கணினியில் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம், ஜிபேயில் காய்கறிக்குப் பணம் அனுப்பிய நேரம். இந்த நான்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நாளின் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்ற பகுதிகள் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று காட்டும். அதையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கணக்கில் வராத நேரம் இருக்கும். அதுதான் அனாமத்து. வங்கியில் வந்த பணம் யாருடையது என்று தெரியாவிட்டால் தெரியும்வரை அனாமத்தில் வைப்போம் இல்லையா, அதே மாதிரி. தெரியாத நேரத்தை வேலையில் சேர்த்துத் திருப்திப்படுபவர்கள் உண்டு. வீண் என்று எழுதித் தன்னையே வைதுகொள்பவர்களும் உண்டு. இரண்டும் பொய்க்கணக்குத்தான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். என் அனுபவத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம் வரை அனாமத்து இருந்தால் கவலையில்லை. மூன்று மணியைத் தாண்டினால் அந்த வாரக் கணக்கை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை.

டைமரை நிறுத்த மறந்து, தூங்கியதும் வேலை நேரமாகப் பதிவாகிவிட்டது

தொடக்கம், முடிவு என்று இரண்டு முறை தொட வேண்டிய எந்த முறையிலும் இது வரும். முடிவை எழுதுவதை விட்டுவிடுங்கள். அடுத்த வேலையின் தொடக்கமே முந்தைய வேலையின் முடிவு. செயலி என்றால் நிறுத்தும் பொத்தானை மறந்துவிட்டு, அடுத்த வேலையைத் தொடங்கும் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். முந்தையது தானே நின்றுவிடும். படுக்கப் போவதையும் ஒரு வேலையாகத் தொடங்கி வையுங்கள்.

ஷீட்டில் கூட்டினால் வாரத்துக்கு 3 மணி நேரம் என்று வருகிறது. சில வரிகளில் கழித்தல் குறி

கணினி அதிகம் தெரியாதவர்கள் இதில் பயந்து நோட்டுக்கே திரும்பிவிடுவார்கள். பெரிய கோளாறு இல்லை. மொத்தம் 27 மணி நேரம் என்றால் ஷீட் அதைக் கடிகார மணியாக எடுத்துக்கொண்டு 24ஐக் கழித்து 3 என்று காட்டுகிறது. கூகுள் ஷீட்ஸில் அந்தக் கட்டத்தின் எண் வடிவத்தை டியூரேஷன் என்று மாற்றினால் 27 வந்துவிடும். கழித்தல் குறி வருவது நள்ளிரவைத் தாண்டிய வரிகளில். இரவு 11.30க்குத் தொடங்கி 1.00 மணிக்கு முடித்தால் முடிவு தொடக்கத்தைவிடச் சின்ன எண்ணாகிவிடுகிறது. ஷீட்டுக்கு ஒரு முழு நாள் என்பது 1. அந்த வரியில் மட்டும் முடிவு நேரத்தோடு 1 கூட்டிவிட்டுக் கழியுங்கள்.

இந்த நள்ளிரவுச் சிக்கலுக்கு இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நடத்தும் நேரப் பயன்பாட்டு ஆய்வில் ஒரு நாள் என்பது அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை. இரவு 1 மணி வரை விழித்திருந்தாலும் அது அன்றைய கணக்கிலேயே விழும். நானும் அப்படித்தான் நாளை முடிக்கிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை, எதில் எழுதுவது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். குக்கர் வைத்துவிட்டு வாடிக்கையாளரிடம் பேசுகிறோம், பையனுக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே துணி மடிக்கிறோம். நேர்க்கோடாகப் போகும் நோட்டில் இதற்கு இடமில்லை. அதனால் அலுவலக வேலையை மட்டும் எழுதிவிட்டு, வீட்டு வேலையை நேரமே இல்லாததுபோல விட்டுவிடுகிறோம். அப்புறம் மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் நாளில் பாதியைக் காணோம்.

மேலே சொன்ன ஆய்வில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நாளை அரைமணிக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 10 நிமிடமாவது நடந்த வேலைகளை, மூன்று வரைக்கும், எழுதிக்கொள்கிறார்கள். அதில் முக்கியமானது எது என்றும், அவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்தனவா ஒரே நேரத்தில் நடந்தனவா என்றும் குறிக்கிறார்கள். வீட்டில் இதைச் சுருக்கமாகச் செய்யலாம். உங்கள் கவனம் எதில் இருந்ததோ அதை முதலில் எழுதுங்கள், ஒரு சாய்கோடு போட்டு மற்றதை எழுதுங்கள்: "6.40 சமையல் / கடைக்காரர் போன்". கூட்டும்போது முழு நேரத்தையும் முதல் வேலைக்கே கொடுங்கள். இல்லாவிட்டால் நாள் 24 மணியைத் தாண்டிவிடும். சாய்கோடு எத்தனை முறை வந்தது என்று மட்டும் தனியாக எண்ணுங்கள். ஒரு நாளில் 15 சாய்கோடு இருந்தால், மணிக்கணக்கு எதுவாக இருந்தாலும் அது களைத்துப்போகிற நாள்.

வீட்டு வேலையை எழுதியே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தினார்கள். நாடு முழுவதற்குமான முதல் ஆய்வு 2019இல்தான் வந்தது, அடுத்தது 2024இல். 2024 ஆய்வின்படி சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதில் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 289 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பதினோரு நிமிடம்தான் குறைவு. இதை எழுதாத நோட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து "உனக்குத்தான் நேரம் இருக்கிறதே" என்று சொல்லும். வீட்டில் மற்றவர்களும் அதையேதான் சொல்வார்கள். வீட்டுக்காரரும் ஒரு வாரம் தன் நோட்டை எழுதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த வீடுகளை எனக்குத் தெரியும். சில வேலைகள் கை மாறின. வாதாடி வராதது நோட்டைக் காட்டியதும் வந்தது.

நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கணக்கு வேலை என்று நான்கு மணிநேரம்தான் வருகிறது

கூட்டல் சரிதான் என்றால் மணியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வரிகளை எண்ணுங்கள். இது எனக்கு நடந்தது, விவரமாகவே சொல்கிறேன்.

எங்கள் மாதம் தேதிகளால் ஆனது. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (கடை விற்றதன் விவரம்), 14ஆம் தேதி 2பி (கடை வாங்கியதற்கான வரி விவரம்) வரும், 20ஆம் தேதி 3பி (மாத வரிக் கணக்கு). நான் பார்க்கும் கடைகளில் பலவற்றுக்கு ஓடிபி வைத்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஓடிபி கடைக்காரரின் போனுக்குப் போகும். ஒரு மாதம் 19ஆம் தேதிப் பக்கத்தைப் பார்த்தேன், 31 வரி இருந்தது. ஒரு கடையின் 3பியைத் தாக்கல் செய்ய எனக்கு எட்டு நிமிடம் போதும். ஆனால் ஓடிபி கேட்டு போன் செய்கிறேன். "கடையில கூட்டம்க்கா, அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்" என்கிறார். அடுத்த கடையின் கோப்பைத் திறக்கிறேன், அதில் பாதி போகும்போது அவர் கூப்பிடுகிறார். அதற்குள் முதல் ஓடிபி காலாவதியாகிவிடுகிறது. மறுபடி அனுப்ப வேண்டும். அன்று காத்திருந்ததும் தாவியதும் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல். அதை நான் ஆறு வருடத்துக்கு முன்புவரை "வேலை" என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முடியாத வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது, புது வேலை அதனால் மோசமாகிறது என்கிறார். 19ஆம் தேதி மாலை ஒரு கடையின் எண்ணை இன்னொரு கடையில் போட்டுவிட்டு இரவெல்லாம் தேடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் செய்த மாற்றம் ஒன்றுதான். எல்லாக் கடையின் 3பியையும் 17, 18ஆம் தேதிகளில் தாக்கல் செய்யும் நிலைவரை தயார் செய்து வைத்தேன். ஓடிபி வேலை மதியம் 3 முதல் 4 மணி வரை மட்டும் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். மதிய வெயிலில் கடையில் ஆள் குறைவு, அதனால் பெரும்பாலோருக்கு வசதியாகவே இருந்தது. ஒருவருக்கு மட்டும் மதியம்தான் வியாபாரம். அவருக்குக் காலை 8 மணி. அடுத்த மாதம் காத்திருப்பு ஒரு மணி இருபது நிமிடத்துக்கு இறங்கியது. 19ஆம் தேதி இரவு பத்தரைக்குப் படுத்தேன்.

உங்கள் நோட்டிலும் வரிகள் 25க்கு மேல் போகும் நாட்களை எடுத்து, அடிக்கடி குறுக்கே வருவது எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஒரே ஒரு வகையாக இருக்கும்.

மணி போதுமான அளவு இருக்கிறது, ஆனால் வேலை நகரவில்லை

எவ்வளவு நேரம் என்பதை விட்டு, எந்த நேரம் என்று பாருங்கள். நம் இலக்கணத்தில் ஒரு நாளுக்கு ஆறு சிறுபொழுது: வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். ஒவ்வொன்றும் 10 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால் சரியாக 4 மணி நேரம் வரும். பேரேட்டில் இந்த ஆறையும் பத்திகளாகப் போட்டுக் கணக்கு வேலையை அவற்றில் பிரித்து எழுதிப் பாருங்கள். எனக்கு எற்பாட்டில், அதாவது மதியம் 2 முதல் 6 வரை, செய்த ஒத்துப்பார்ப்பில்தான் பிழை அதிகம். அந்த வேலையைக் காலைக்கு மாற்றி, போன் பேச்சை எற்பாட்டுக்குத் தள்ளினேன். மொத்த நேரம் அதேதான், திரும்பச் செய்யும் வேலை குறைந்தது.

முதல் வாரம் பிரமாதமாக இருந்தது, அப்புறம் சரிந்துவிட்டது

சரியவில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்றால் எல்லோரும் ஒழுங்காக நடப்போம், அது நாமே எழுதும் நோட்டாக இருந்தாலும். முதல் வாரத்தை எதற்கும் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேதி சார்ந்த வேலை என்றால் ஒரு முழு மாதம் எழுதிய பிறகே கூட்டுங்கள். 1 முதல் 10 வரை எழுதிவிட்டு என் மாதம் இப்படித்தான் என்று நான் சொல்ல முடியாது.

எவ்வளவு எழுதினாலும் திட்டம் தப்பிப்போகிறது

நோட்டு கையில் இருக்க, மனசைக் கேட்டுத் திட்டம் போடுகிறீர்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இந்தப் பழக்கத்தைச் சுட்டிக்காட்டினார்கள். ரோஜர் ப்யூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் என்று கேட்டதற்கு 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமாகக் கற்பனை செய்ததைவிட நடந்தது மோசம்.

அதனால் அடுத்த முறை புது வேலை வரும்போது, இதே மாதிரி வேலையின் கடைசி மூன்று பதிவுகளை நோட்டில் தேடி எடுங்கள். ஒரு நூல் கடைக்கு ஜிஎஸ்டிஆர்-1 ஒரு மணி நேரம் என்றே சொல்லிவந்தேன். நோட்டில் 1.50, 1.35, 2.10 இருந்தது. இப்போது இரண்டு மணி நேரம் என்று சொல்கிறேன், கட்டணத்தையும் அதற்கேற்ப மாற்றினேன்.

மாதக்கணக்கில் எழுதுகிறேன், எதுவும் மாறவில்லை

சிட்டை எழுதிப் பேரேட்டில் ஏற்றாமல் விட்டிருக்கிறீர்கள். சோவியத் நாட்டில் அலெக்சாந்தர் லுபிஷேவ் என்ற பூச்சியியல் அறிஞர் 1916இல் நேரக் கணக்கைத் தொடங்கி 1972இல் இறக்கும்வரை எழுதினார். போர், பஞ்சம் எல்லாவற்றுக்கும் நடுவே. இத்தனை வருடம் அது அவருக்குப் பயன்பட்டதற்குக் காரணம் தினசரிப் பதிவு மட்டுமில்லை. மாதம் முடிந்தால் தொகுப்பார், வருடம் முடிந்தால் தொகுப்பார், அதை வைத்து அடுத்த வருடத்தைத் திட்டமிடுவார். நமக்கு ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் போதும். கூட்டுங்கள், முதல் பக்கக் கேள்வியைப் படியுங்கள், அடுத்த வாரம் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். இரண்டு மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நோட்டைத் திறந்தாலே மனசு கனக்கிறது

இதை அலட்சியம் செய்யாதீர்கள். உடம்புத் தலைப்பில் தூக்க நேரம் வாராவாரம் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்தால் நோட்டு உங்களை விரட்டிக்கொண்டிருக்கிறது. உடனே எழுதுவதை நிறுத்திவிட்டுத் தூக்கத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். தூக்கம் சரியாக இருந்தும் கனக்கிறதென்றால், "வீண்" என்ற சொல்லை நோட்டிலிருந்து அடியுங்கள். அம்மாவிடம் பேசியது, மாடியில் சும்மா நின்றது எல்லாம் நடந்தவை. நடந்தபடி எழுதுங்கள், மார்க் போட வேண்டாம்.

எப்போது நிறுத்தலாம்

முதல் பக்கக் கேள்விக்குப் பதில் கிடைத்து, மாற்றம் இரண்டு மாதம் நிலைத்தால் நோட்டை மூடிவிடலாம். நான் இப்போது வருடம் முழுக்க எழுதுவதில்லை. ஜூலையில் ஒரு மாதம், ஜனவரியில் ஒரு மாதம். ஜூலையில் வருமான வரித் தாக்கலும் சேர்ந்து வரும் என்பதால் அந்த மாதம் தவறாமல் எழுதுகிறேன். இந்த ஜூலைக்கான கேள்வியை ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டேன்: பில்லைப் போட்டோவாக அனுப்பும் கடைகளுக்கும், தாளாகக் கொண்டுவந்து தரும் கடைகளுக்கும் எனக்கு ஆகும் நேரத்தில் எவ்வளவு வித்தியாசம்?